ஏர் கூலருக்குள் இருந்த உன் ஹெல்மெட்

என் உயிரை எடுத்தே என்னை வளர்த்த, கடைசியில் உன் உயிரை இவ்வளவு அசால்ட்டாகக் கோட்டைவிட்ட, என் செல்ல முத்து மாமாவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதினால் அது பொய். அதனால் அந்த இரண்டு வரியையும் தாண்டிக் குதித்து நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதம் உனக்கு முதல் வருஷம். பேப்பரில் நினைவஞ்சலி போட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். உன் அக்காவைப் பற்றி உனக்குத் தெரியாதா, சொன்னால் சொன்னதுதான். "ஸ்கூல்ல வாத்தியாரைக் கிண்டலடிச்சு பாட்டு எழுதத் தெரியுதுல்ல, இதையும் நாலு வரி எழுதிக் குடு" என்றாள். உட்கார்ந்தேன். 'ஆண்டு ஒன்று ஆனாலும் ஆறவில்லை மனம்' என்று ஆரம்பித்தேன். எனக்கு ஆறாதது மனம் இல்லை மாமா, ஆத்திரம். அதனால் நாலு வரியைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பேப்பர்காரர்கள் போடாவிட்டால் போகட்டும். யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். ஒளித்து வைத்தே நாசமாய்ப் போனவன் நான். இதையும் ஒளிக்க எனக்குத் தெம்பில்லை.

முதலில் ஊர் நியூஸ். நீ போன மறுநாள் உன் கூட்டாளிகள் பழங்காநத்தம் ரவுண்டானாவில் ஒரு பிளக்ஸ் வைத்தார்கள். அதில் உன் தலையைவிட அவர்கள் தலைதான் பெரிது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, பதினாறு பேர் உனக்காகக் கண்ணீர் விட்டார்கள். உன் படம் எது தெரியுமா? ராமேஸ்வரம் பக்கம் நீ வேலை பார்த்த, ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகிற டைவிங் கடை வாசலில் எடுத்தது. முகம் முழுக்க மாஸ்க், வாயில் காற்றுக் குழாய். செத்தது யாரென்று ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. "ஏப்பா, இது ஆஸ்பத்திரியில எடுத்த படமா?" என்று டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு வீட்டில் அடி விழுந்தது.

நீ தலையில் எதையாவது ஒழுங்காக மாட்டியிருந்த ஒரே படம் அதுதான்.

நம் ஆட்டத்தைப் பற்றி மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உனக்கும் எனக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம். அம்மாச்சி, தாத்தா போன பிறகு அம்மாதான் உன்னையும் வளர்த்தாள். அப்பா திருப்பூரில் வேலை, வருவதே பண்டிகைக்கு. ஆக வீட்டில் ஆண்பிள்ளை என்று இருந்தது நாம் இரண்டு குரங்குகள். ஒருவன் பொருளை இன்னொருவன் ஒளிக்க வேண்டும். தேடுகிறவன் "எங்கடா?" என்று கேட்டால் தோற்றான். ஒளித்தவன் "இந்தா இருக்கு" என்று சொன்னால் அவன் தோற்றான். தோற்றவன் ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

பிளஸ் ஒன் பரீட்சை அன்று என் ஒற்றை ஷூவை பிரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தது நீ. நான் கேட்கவில்லை. செருப்போடு போய் ஸ்கூல் வாசலில் திட்டு வாங்கினேன். உன் பைக் சாவியை உப்பு டப்பாவில் புதைத்தது நான். நீ கேட்கவில்லை. டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாய். ஏழு வருஷத்தில் நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவ்வளவு ரோஷம். கின்னஸ் ஆசாமிகள் நம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும், எமன் வந்துவிட்டான்.

நீ லீவில் வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டாய். கறிக் குழம்புக்கு இஞ்சி இல்லை என்று அம்மா உன்னை அனுப்பினாள். நான் அதற்கு முன்னாலேயே உன் ஹெல்மெட்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஓடாமல் கிடந்த ஏர் கூலரின் பின்பக்கத் தட்டியைக் கழற்றி, உள்ளே வைத்து மூடிவிட்டு வந்திருந்தேன். நீ கட்டிலுக்கடியில் பார்த்தாய். பீரோ மேல் பார்த்தாய். வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டாய். நான் மாடிப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கேட் வரைக்கும் போய்த் திரும்பி என்னைப் பார்த்தாய். உன் வெறும் தலையைத் தட்டிக் காட்டினாய்.

"இதுக்கெல்லாம் கேப்பனா? ரவுண்டானா வரைக்கும்தானே மாப்ள. நாலு எட்டு."

"போ மாமா, போ. வெயில்ல மண்டை காயட்டும்" என்றேன் நான்.

நான் உன்னிடம் கடைசியாகச் சொன்ன வாக்கியம் அது. அழகாக இருக்கிறதல்லவா, பேப்பரில் போடலாமா?

தண்ணீர் லாரி ஒன்று திருப்பத்தில் ஒழுகவிட்டுப் போயிருந்தது. அந்த ஈரத்தில் வண்டி வழுக்கியது. யாரும் மோதவில்லை, யாரும் குடிக்கவில்லை. கை காலில் சிராய்ப்புகூட இல்லை, தலையில் மட்டும்தான் அடி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பன்னிரண்டு மீட்டர் தண்ணீருக்கு அடியில் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கரை சேர்த்தவன் நீ. ஒரு விரல் தண்ணீரில் மூழ்கிப் போனாய்.

இதில் அம்மாவுக்குத் தெரிந்த கதை வேறு. நீ ஹெல்மெட் இல்லாமல் போகிறவன் இல்லை என்று அவள் நம்பினாள். வார் மாட்டாமல் போட்டிருப்பாய், விழுந்தபோது கழன்று உருண்டிருக்கும், கூட்டத்தில் எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. அன்றிலிருந்து தினமும், பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது, ஒரு நினைப்பு வந்தாற்போல் சொல்வாள். "செத்துக் கெடக்கிறவன் போட்டிருந்ததை எடுத்துட்டுப் போனானே, அவன் வெளங்குவானா? அதை எடுத்த கை வெளங்குமா?"

நான் அந்தக் கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

பதினோரு மாதம் மாமா. வெளங்குமா, வெளங்குமா என்று கேட்டுக் கேட்டு நான் பிளஸ் டூ பாஸ் பண்ணியதே ஆச்சரியம். வீட்டில் இஞ்சி வாங்குவதை அம்மா நிறுத்திவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்கு நீ பழக்கிவிட்ட பழக்கம்.

பரீட்சை முடிந்ததும் உன் கடையிலிருந்து ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். உன்னோடு வேலை பார்த்தாரே, அவரேதான். "முத்து ஒனக்கு டைவிங் கத்துக்க எடம் சொல்லி வச்சிருந்தாரு தம்பி. பதினேழு முடியட்டும், அவனை நாந்தான் எறக்குவேன்னு பேரெல்லாம் எழுதிட்டுப் போனாரு. வாரியா?" நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "வருவான்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தண்ணி அவனை ஒண்ணும் செய்யல. ரோடுதான் செஞ்சிச்சு. போ."

கரையிலிருந்து கடலுக்குள் இறங்குவது இவ்வளவு கேவலமான வேலை என்று நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? படகில் உட்கார்ந்து ஸ்டைலாக மல்லாக்க விழுவதைத்தானே போனில் காட்டினாய்? இங்கே முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி, கையில் ஃபின் என்கிற வாத்துக்கால். இத்தனையோடு பாறையில் தடுமாறி, மணலில் புதைந்து, நடந்தே கடலுக்குள் போக வேண்டும். கேஸ் சிலிண்டர் போடுகிற அண்ணன் நான் நடந்ததைப் பார்த்திருந்தால் எனக்கு வேலை தந்திருக்க மாட்டார். முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் அலை வந்து என்னை உட்கார வைத்தது. இரண்டாவது அலை படுக்க வைத்தது. மூன்றாவது அலைக்கு நானே படுத்துக்கொண்டேன்.

தண்ணீருக்குள் ஜோடியாகத்தான் போக வேண்டுமாம். எனக்கு வாய்த்த ஜோடி யார் தெரியுமா? ஜெகந்நாதன் சார். ஐம்பத்து நாலு வயது, நம்மூர்த் தெப்பக்குளம் பக்கம் வீடு, சுங்குடிச் சேலைக் கடை. "கடையிலயே உக்காந்து நீங்களும் ஒரு பொம்மையாயிட்டீங்கன்னு எம் பொண்ணு சொல்லிட்டா தம்பி. அதான் கெளம்பிட்டேன்" என்றார். அவர் வீட்டில் சௌராஷ்டிரா பேசுவார்கள். கரையில் நிற்கும்போது அவர் மனைவி போனில் பேசுவது எனக்கு ஒரு சொல் புரியாது, திட்டு என்பது மட்டும் தெளிவாகப் புரியும். அவருடைய ரப்பர் உடுப்பின் ஜிப்பை இழுத்து மூட நானும் ஸ்டெல்லா அக்காவும் சேர்ந்து மூச்சைப் பிடிக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கவே கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம்.

இறங்குவதற்கு முன் ஒருவர் சாமானை ஒருவர் சோதிக்க வேண்டும். காற்று திறந்திருக்கிறதா, வார் இறுகியிருக்கிறதா, ஈயம் இருக்கிறதா, வாய்க்குழாயில் இழுத்துப் பார்த்தாயா. எல்லோரும் ஒரு தடவை பார்ப்பார்கள். ஜெகந்நாதன் சார் மூன்று தடவை பார்ப்பார், சேலையில் சாயத்துக்குக் கட்டாமல் விட்டுப்போன முடிச்சைத் தேடுகிற மாதிரி. "சார், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கக்கூட இம்புட்டு நேரம் ஆகாது" என்பேன். "பொண்ணைத் திருப்பி அனுப்பலாம் தம்பி. கடல்ல இருந்து உங்களை எப்படித் திருப்பி அனுப்புவேன்?" என்பார்.

முதல் தடவை மூன்று மீட்டர் போவதற்குள் எனக்குக் காது வலி பிய்த்தெடுத்தது. மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், ஊதினேன், திறக்கவில்லை. ஸ்டெல்லா அக்கா எதிரே வந்து 'சரியா?' என்று விரலை வட்டமாக்கிக் கேட்டார். நானும் வட்டமாக்கிக் காட்டினேன். சரி. எல்லாம் சரி. வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் மூக்கிலிருந்து ரத்தம்.

"காது வலிச்சா ஏன்டா சொல்லல?"

"சொன்னா தோத்த மாதிரி இருக்கும்க்கா."

"தோத்த மாதிரியா? யாருகிட்ட?"

பதில் நீதான், நீ அங்கே இல்லை.

இரண்டாம் தடவை ஆழத்துக்குப் போவதற்கு முன்பே மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது. நெற்றிப் பக்கம் அழுத்தி மூக்கால் ஊதினால் வெளியேறிவிடும், கரையில் பத்துத் தடவை செய்து காட்டியிருந்தேன். உள்ளே எல்லாம் மறந்துபோய், செத்தேன் என்று மேலே பாய்ந்தேன். நின்றால் தண்ணீர் கழுத்துக்குத்தான் இருந்தது. கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த இரண்டு வாண்டுகள் கைதட்டின. கீழக்குயில்குடி பம்புசெட்டுக் கிணற்றில் படி உச்சியிலிருந்து தலைகுப்புறக் குதித்தவன் நான், நீயே சாட்சி. கிணற்றில் மூச்சு என்னுடையது. கடலுக்குள் மூச்சு ஒரு குழாயில் வருகிறது, நம்ப வேண்டும். எனக்கு நம்பத்தான் வரவில்லை. எல்லாவற்றையும் சரி என்று காட்டிக்கொண்டிருப்பவனுக்கு எதிராளி காட்டுகிற சரியும் பொய்யாகத்தானே தெரியும்?

மூன்றாம் தடவை கொஞ்சம் பரவாயில்லை. அடியில் மணல், மணலில் பாசி, பாசிக்குள் கிளி மீன் ஒன்று பாறையைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்க விடாமல் ஜெகந்நாதன் சார் என் முன்னால் வந்து வந்து உள்ளங்கையில் இரண்டு விரலைத் தட்டுவார். காற்று எவ்வளவு இருக்கிறது? நான் மீட்டரைப் பார்த்து விரலில் சொல்ல வேண்டும். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும். எவ்வளவு? சரியா? எவ்வளவு? ரேஷன் கடை வரிசையில்கூட மனிதர்கள் இத்தனை தடவை கேட்க மாட்டார்கள்.

அப்போதுதான் உன்மேல் கோபம் வந்தது. அதுவரைக்கும் என்மேல் மட்டும்தான் இருந்தது. கேட்டால்தான் உயிர், சொன்னால்தான் உயிர் என்கிற இடத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தவன் நீ. பெங்களூரிலிருந்து வந்த, பெயர்கூடத் தெரியாத ஆட்களிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டிருப்பாய். கரைக்கு வந்து உடுப்பைக் கழற்றியதும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவாயா? "எங்கடா ஹெல்மெட்?" அவ்வளவுதானே? இரண்டே வார்த்தை. என்னிடம் கேட்க உனக்கு என்ன கேடு?

இப்போது நான் செய்த அடுத்த கேவலத்தைச் சொல்கிறேன். நாலாவது தடவை இறங்கப் போன காலையில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. தைரியம் வந்தால் குரங்குப் புத்தியும் கூடவே வருகிறது. பாறை மேல் நடப்பதற்கு எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் தருவார்கள். அந்தக் கரையில் பாறை இடுக்கெல்லாம் கறுப்பு முள்ளுருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், குத்தினால் முள் உள்ளேயே முறிந்துவிடும். ஜெகந்நாதன் சாரின் ஒரு பூட்ஸைத் தண்ணீர் பாட்டில் வைக்கிற தெர்மாகோல் பெட்டிக்குள் போட்டு மூடினேன். பதினோரு மாதத்துக்குப் பிறகு கை அதுவாகச் செய்தது.

அவர் தேடினார். பையைக் கவிழ்த்தார். ஸ்டெல்லா அக்கா அலையைப் பார்த்தபடி, "சீக்கிரம் சார், தண்ணி ஏறுது" என்றார். மனிதர் கூச்சத்தில் வேர்த்துவிட்டார். கடலுக்குள் அத்தனை கேள்வி கேட்கிறவர், கரையில் தன்னால் மற்றவர்கள் நிற்க வேண்டியிருக்கிறதே என்று ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பரவாயில்ல தம்பி, வெறுங்கால்லயே வாரேன். நாலு எட்டுதானே."

மாமா, நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. "போகாதீங்க, போகாதீங்க, கேளுங்க சார், என்னைக் கேளுங்க" என்று கத்தியதாக ஸ்டெல்லா அக்கா பிறகு சொன்னார். பெட்டியைத் திறந்து, பூட்ஸை எடுத்து, சிலிண்டரோடு மண்டியிட்டு அவர் காலில் மாட்டப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே போகவே இல்லை. அவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அங்கேயே, அந்தப் பாறையிலேயே, எல்லாவற்றையும் கொட்டினேன். உப்பு டப்பா, தக்காளி, ஏர் கூலர், தண்ணீர் லாரி. ஸ்டெல்லா அக்கா திரும்பி நின்றுகொண்டார். அவருக்கும் நீ கூட்டாளிதானே.

ஜெகந்நாதன் சார் எனக்கு ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வயதானவர், பிள்ளை குட்டி பெற்றவர், ஏதாவது சொல்வார் என்று.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

அவர் மற்ற பூட்ஸையும் கழற்றினார். "அப்ப நான் உங்ககூட எறங்கல தம்பி. கோவிச்சுக்காதீங்க. உள்ள போயி காத்து எம்புட்டுன்னு நான் கேப்பேன். நீங்க காட்டுறதை நான் நம்பணும். வீட்ல ஒரு சாமானைப் பதினோரு மாசம் மறைச்சு வச்சிருக்கீங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். ராமேஸ்வரத்திலிருந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு சீட்டில் வந்தோம். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். பொம்மை, சுங்குடி, தொப்பை என்று தெரிந்த பட்டப்பெயரெல்லாம் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை.

மறுநாள் அம்மா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏர் கூலரின் தட்டியைக் கழற்றினேன். தூசியும் காய்ந்த புல்லும் கொட்டியது. உன் ஹெல்மெட் உள்ளே நான் வைத்த மாதிரியே இருந்தது. உள் மெத்தையில் ஒரு பல்லி முட்டை வைத்துப் போயிருந்தது.

"எடுத்தவன் வெளங்குவானான்னு தெனமும் கேக்கிறியே. நாந்தாம்மா."

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். ஹெல்மெட்டை வாங்கி, முந்தானையால் துடைத்தாள். உள்ளே முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னைக்கு அவன் தேடுனானா?"

"தேடுனாரு."

"உன்னைய கேட்டானா?"

"கேக்கல."

"நீ சொன்னியா?"

"சொல்லல."

சிரித்தாள் மாமா. அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை, இனியும் கேட்க வேண்டாம். "ரெண்டு எருமைகளையும் ஒரே வீட்ல வச்சு வளத்தேன் பாரு, என்னையச் சொல்லணும். ஒருத்தன் கேக்க மாட்டானாம். ஒருத்தன் சொல்ல மாட்டானாம். இதுல நான் வேற இஞ்சிக்கு அனுப்புறேன்." அதன் பிறகு அடித்தாள். ஈரத் துணியால் அடித்தாள். நான் நகரவில்லை. அவளுக்குக் கை ஓய்ந்தது.

ஐந்து நாள் பேசவில்லை. தட்டில் சோறு இருக்கும், எதிரே ஆள் இருக்காது. எடுத்த கை விளங்குமா என்கிற கேள்வியும் நின்றுவிட்டது. அந்தச் சாபம் இருந்தபோதே பரவாயில்லை போலிருந்தது.

ஆறாம் நாள் காலை நான் ராமேஸ்வரம் பஸ்ஸுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். போவதா வேண்டாமா என்று அவளைக் கேட்கத் தைரியம் இல்லை. கேட் வரைக்கும் போயிருப்பேன்.

"ஏய். நில்லு."

நின்றேன்.

"பையில எல்லாம் எடுத்து வச்சுட்டியா?"

"வச்சுட்டேன்."

"எனக்குக் காட்டு."

வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னாள். மாஸ்க், துண்டு, மாற்றுத் துணி, காது மருந்து, தண்ணீர் பாட்டில். மாஸ்க்கின் வாரை இழுத்துப் பார்த்தாள். பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்தாள். எல்லாவற்றையும் அவள் கையாலேயே திரும்ப அடுக்கி ஜிப்பைப் போட்டாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. இது வேற, அது வேற. போயிட்டு வா."

கரையில் ஜெகந்நாதன் சார் ரப்பர் உடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். "சொல்லிட்டேன் சார். அடி வாங்கிட்டேன். வீட்ல இன்னும் சரியாகல." அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், சேலையைப் பார்க்கிற மாதிரி. பிறகு முதுகைத் திருப்பினார். "ஜிப்பைப் போடுங்க."

மூன்று தடவை சோதித்தார். நானும் மூன்று தடவை சோதித்தேன். கையைக் கோத்துக்கொண்டு அலைக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாக நடந்தோம். ஒன்று, இரண்டு, மூன்றாவது அலை கடந்ததும் உள்ளே போனோம். மூக்கைப் பிடித்து ஊதினேன். வலித்தபோது காதைக் காட்டினேன். கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி ஊதி, மறுபடி இறங்கினோம். காது திறந்தது.

ஐந்து மீட்டரில் யாருடைய கால் பட்டதோ, மணல் எழும்பி எல்லாம் மறைந்துவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. மேலே பாய்ந்துவிடு என்று உடம்பு சொன்னது. மங்கலாக ஒரு முகம் பக்கத்தில் வந்தது. விரலை வட்டமாக்கி, சரியா?

நான் வட்டம் போடவில்லை மாமா. கையை விரித்துத் தட்டையாக வைத்து, இப்படியும் அப்படியும் ஆட்டினேன். சரியில்லை. நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். பயமாக இருக்கிறது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேரும் அடியில் மண்டி போட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அவர் குமிழி, என் குமிழி. மணல் மெதுவாகப் படிந்தது. அதே கிளி மீன் அதே பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. பிறகு நான் அவர் முன்னால் போய் உள்ளங்கையில் இரண்டு விரலைத் தட்டினேன். உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது? நான் ஒரு மனிதரை வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை, வாயே திறக்க முடியாத இடத்தில்.

அன்று முப்பத்தெட்டு நிமிஷம் உள்ளே இருந்தோம். வெளியே வந்ததும் ஸ்டெல்லா அக்கா, "முத்து இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். "இருந்திருக்கணும்" என்றேன்.

இதனால் ஏதாவது சரியாகிவிட்டதா? இல்லை. கையை ஆட்டிக் காட்ட எனக்கு ஒரு விநாடி ஆனது. "மாமா, ஏர் கூலர்ல இருக்கு" என்று சொல்லவும் அதே ஒரு விநாடிதான் ஆகியிருக்கும். இதை எத்தனை கடலில் போய்க் கழுவினாலும் போகாது. உன் பங்கையும் நான் உனக்குத் தள்ளுபடி செய்யப் போவதில்லை. நீ கேட்டிருக்கலாம். கேட் வரைக்கும் போய், தலையைத் தட்டிக் காட்டி, சிரித்து... கேட்டிருக்கலாம்.

உன் ஹெல்மெட் இப்போது வாசல் ஆணியில் தொங்குகிறது. அம்மா அதற்கு மாலை போடவில்லை, பொட்டு வைக்கவில்லை. நேற்று நான் கடைக்குச் சைக்கிளை எடுத்தபோது அதைக் கழற்றி என் தலையில் கவிழ்த்து வாரை மாட்டிவிட்டாள். சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிற ஒரே ஆள் பழங்காநத்தத்தில் நான்தான். தெருவே சிரித்தது. என்ன வாங்கி வரச் சொன்னாள் தெரியுமா? இஞ்சி.

கடைசியாக ஒன்று. சொன்னவன் தோற்றான் என்பது சட்டம். நான் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன், ஜெகந்நாதன் சாரிடம் சொன்னேன், இதோ ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆக ஏழு வருஷ ஆட்டத்தில் தோற்றது நான். உன் வருஷத்தன்று உன் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் பருத்திப்பால் வைப்பேன். சுக்கு தூக்கலாக, நீ கேட்கிற மாதிரி. ஆறுவதற்குள் குடித்துவிடு. இனிமேல் என்னிடம் யார் எதைத் தேடி வந்தாலும், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால், அது எங்கே இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். இது சத்தியம். எல்லா ஆட்டத்திலும் தோற்கிறேன் மாமா, போதுமா?

உன் ஹெல்மெட்டை ஒளித்தவன்,
உன் அக்கா மகன்,
கௌதம்.